படுக்க வைத்துப் பாசம் காட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், தன் அம்மா இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருப்பதாகவும், இந்த வயதில் நடக்கச் சொல்லி வருத்த வேண்டாம் என்று வீட்டார் முடிவு செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். பாசத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படித்தபின் எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. 11 மாதத்துக்கு முன்னால் என் மகனும் இதே முடிவுக்குத்தான் வந்தான். அவன் பேச்சைக் கேட்டிருந்தால், இந்தக் கடிதத்தை நான் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

நான் பள்ளிகொண்டாவில் இருக்கிறேன். 31 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 63. போன ஆடி மாதம் ஒரு விடியற்காலை, வாசல் தெளிக்கத் தண்ணீர் மொண்டு வந்தபோது பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கிவிட்டது. மாடியிலிருந்தா விழுந்தேன்? பக்கவாட்டில் தொப்பென்று உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எழுந்திருக்கப் பார்த்தால் வலது கால் என் சொல்லைக் கேட்கவில்லை. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடது காலைவிட அது குட்டையாகத் தெரிந்தது. எலும்பு உடைந்ததற்கு அதுவே அடையாளம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

இடுப்பு எலும்பு என்று எல்லோரும் சொல்கிறோமே தவிர, உடைவது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்பகுதி. எனக்கு உடைந்தது அதன் கழுத்து. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. பந்துக்குக் கீழே ஒடுங்கியிருக்கிற இடம்தான் கழுத்து. பந்துக்குப் போகிற ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகிவிட்டால் ரத்தம் நின்று, பந்து உள்ளேயே செத்துப்போகலாம். அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஸ்க்ரூ போட்டு ஒட்ட வைப்பதைவிட, பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பதுதான் வழக்கமாம். படம் வரைந்து காட்டி டாக்டர் இதைச் சொன்ன பிறகுதான் என் மகனுக்கே விஷயம் விளங்கியது. அதற்குள் ஒரு முழுப் பகல் போய்விட்டது. எண்ணெய் விட்டு மூங்கில் பட்டை வைத்துக் கட்டினால் தானாகக் கூடிவிடும் என்று சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலில் கிடந்து காபி கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி முறிவுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது. படுக்கை நீள நீள நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகு புண்ணாகும்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள், கால் மரத்துப்போனது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறை மாதிரிச் சத்தம் கேட்டது. முடிந்தது. காப்பீட்டு அட்டை இருந்ததால் கடன் வாங்கவும் நேரவில்லை.

மறுநாள் காலையில் பிசியோதெரபி பெண் வாக்கரோடு வந்து நின்றாள். என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். "எழுந்திருங்கம்மா, நாலடி போகலாம்" என்றாள். என் மகன் அவளோடு சண்டைக்குப் போய்விட்டான். நேற்றுத்தான் அறுத்தார்கள், இன்றைக்கே எப்படி என்று. அவள் கோபப்படவில்லை. "நேத்து வெச்ச பந்து இன்னைக்கே பாரம் தாங்கும் சார், அம்மாதான் பயப்படுறாங்க, நீங்களும் சேர்ந்து பயப்படாதீங்க" என்றாள். நாலடி நடந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, வியர்த்துக் கொட்டியது. ஆனால் கால் தாங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, கால்விரல் உள்பக்கம் திரும்பக் கூடாது, தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. ஒருக்களித்தும் படுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊர் ரங்கநாதர் யுகம் யுகமாகப் படுத்துத்தான் இருக்கிறார், அவருக்காவது ஒருக்களித்துப் படுக்கிற சுகம் உண்டு. எனக்கு அதுவும் இல்லை என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தேன். எல்லா ஆபரேஷனுக்கும் இதே விதிகள் இல்லையாம், உள்ளே எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுமாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரியின் விதியைக் கேட்காதீர்கள், உங்கள் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.

வாழ்நாள் முழுக்கத் தரையிலேயே இருந்தவள் நான். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாட்டுச் சொல்லித் தந்து, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, தரையிலேயே பாய் போட்டுத் தூங்கினவள். இனி எல்லாமே முழங்கால் உயரத்துக்கு மேலே என்றால் வீடே வேற்று ஊராகிவிடுகிறது. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினோம். கக்கூசுக்குக் கமோடு நாற்காலி வாங்கினோம். நடையில் கிடந்த கால்மிதியைச் சுருட்டிப் பரணில் போட்டோம். அது தடுக்கி இன்னொரு தடவை விழ எனக்கு ஆசை இல்லை.

இதெல்லாம் பணத்தால் ஆகிற காரியம். ஆகாதது ஒன்று உண்டு, அது வீட்டு மனுஷர்களின் கை. சொம்பை எடுக்க எழுந்தால் மருமகள் ஓடி வருவாள். வாக்கரைத் தொட்டாலே மகன் "எங்கம்மா கிளம்பிட்டே?" என்பான். பார்க்க வந்தவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, "மகராசியா படுத்துக்கினு இரு, உழைச்சது போதும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து நாளில் எனக்கே அந்தப் பேச்சு இனித்தது. அதுதான் ஆபத்து. 31 வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் நடை பழகியதைப் பார்த்திருக்கிறேன். பாட்டி இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைதான் கடைசியாக நடக்கும். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு ராத்திரி யோசித்தேன். காலையில் மகனைக் கூப்பிட்டு, இன்றையிலிருந்து நான் கூப்பிட்டால் மட்டும் வா, கூப்பிடாவிட்டால் பக்கத்தில் நின்று பார் என்றேன். அவனுக்கு முகம் வாடிப்போனது. அப்புறம் சரியாகிவிட்டான்.

அன்று முதல் மூன்று வேளை பயிற்சி. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்கி விடுவது. அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. இந்தக் கடைசிப் பயிற்சியை விட்டுவிட்டவர்கள்தான் பிற்பாடு வாத்து மாதிரிச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள். இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்குப் பலம் வராவிட்டால் உள்ளே எவ்வளவு நல்ல பந்து இருந்தும் நடை நேராகாது. குக்கர் மூன்று விசில் விடும்வரை வலது கால், அதன் பிறகு இடது கால். எனக்கு அதுதான் கணக்கு.

ஆறு வாரம் கழித்து வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். தெருவில் இறங்கின முதல் நாளே ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "இன்னா டீச்சரே, ஆபரேசன் பண்ணது சோத்தாங்கை பக்கம், தடி பீச்சாங்கையில கீது? மாத்திப் புடிங்க" என்றார். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆனால் தடி எதிர்ப்பக்கக் கையில்தான் இருக்க வேண்டும். வலது காலில் நிற்கும்போது உடம்பு இடது பக்கம் சரியப் பார்க்கும், அங்கே தடி ஊன்றினால்தான் புது மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இந்த இரண்டை மட்டும் தெருத்தெருவாக எழுதி ஒட்டலாம் போலிருக்கிறது எனக்கு.

ஒரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்துபோயிருக்கிறது என்று அர்த்தமாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகமாக நடக்கிறது. மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் எழுதியவள், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்தவள், என் எலும்பைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. கேவுருக் களி தின்று வளர்ந்த உடம்புதான், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டுதான். ஆனால் களி மட்டும் போதாது. இப்போது கால்சியம், வைட்டமின் டி மாத்திரையோடு எலும்புக்கென்று வருஷத்துக்கு ஒரு ஊசியும் போட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது மாதம் எங்கள் கிராம செவிலியர் வந்தபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமல்ல, வீடு தேடி வந்து பிசியோதெரபி செய்வதும் சேர்த்தி. அரசாங்கச் சம்பளம் வாங்கின எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வந்த பிசியோ என் காலைப் பார்ப்பதற்கு முன் என் வீட்டைப் பார்த்தார். பின்கட்டுப் படியில் பிடித்து ஏற ஒரு இரும்புக் குழாய் வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும்போதே இந்த ஒரு வரியை அதில் எழுதிக் கொடுத்தால் என்ன? தங்கள் நாளிதழ் இதைப் பெரிதாகப் போட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, வெளியிடங்களைப் பற்றி. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் வந்தது பெரிய காரியம். டிக்கெட் வேண்டாம், சரி. ஆனால் அந்த முதல் படி என் முழங்காலுக்கு வருகிறதே! கண்டக்டர் நல்லவராக இருந்தால் ஓரமாக மேட்டுப் பக்கம் நிறுத்தச் சொல்கிறார். செக்கப்புக்குப் போன ஒரு நாள், ஒரு பேருந்து நிலையத்துக் கழிப்பறையில் உட்கார இடமில்லாமல் திரும்பினேன். எல்லாம் குத்துக்கால் போட்டு உட்காருகிற வகை. உயரமான கமோடு ஒன்று இருந்தது, அதை ஒட்டடைக் கம்பும் பினாயில் டப்பாவும் வைக்கிற அறையாக்கிப் பூட்டியிருந்தார்கள். அதன் பிறகு மூன்று மாதம், வெளியூர் போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது எந்த ஊர் என்பதையும் யோசிக்க வேண்டும். 1954-ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தது இந்த வேலூரில்தான். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-ல் பாகாயத்தில் அவர் தொடங்கியதுதான் மறுவாழ்வு மையம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கைப்பிடிக் கம்பிக்கும் பூட்டாத கமோடுக்கும் நான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

மார்கழியில் என்னால் குனிந்து கோலம் போட முடியவில்லை. தடியால் தரையைக் காட்டி, 15 புள்ளி, இடுக்குப்புள்ளி 8 வரை என்று நான் சொல்லச் சொல்லப் பேத்தி போட்டாள். கோணல்தான், ஆனாலும் கோலம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் தடியோடு தனியாகப் பஸ் ஏறிப் போனேன். அம்மன் சிரசு வரும்போது அந்தக் கூட்டத்தில் தடி ஊன்ற இடமில்லை. யாரோ ஒரு வீட்டுத் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் மகன் ஒரு வாரம் பேசவில்லை.

கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு ஒன்று. என் வாக்கர் இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்குக் கொடுத்தேன், அவர் முடித்து அகரம்சேரிப் பக்கம் என் தங்கை சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறது. போன வாரம் நேரில் போய் மணிக்கட்டு உயரத்துக்குப் பிடியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன். கமோடு நாற்காலி மட்டும் பரணுக்குக் கீழே சும்மாதான் கிடக்கிறது. அவர் அம்மாவுக்கு வேண்டுமென்றால் யாரையாவது வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பள்ளிகொண்டா கோயில் தெருவில் அங்கன்வாடி டீச்சர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டம்.