பாட்டி நடிக்கவில்லை

ஆசிரியருக்கு,

ஹட்டனுக்கு அருகே தேயிலைத் தோட்ட லயத்தில் வாழும் என் பாட்டிக்கு, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த முதல் நாள் கணக்கப்பிள்ளை பாட்டி பறித்த கொழுந்தை எத்தனை இறாத்தல் என்று நிறுத்தார் என்பதுகூட நினைவிருக்கிறது. ஆனால் காலையில் குடித்த தேநீர் நினைவில்லை. இதை அயலவர் சிலர் நடிப்பென்கிறார்கள்.

புதிய அனுபவங்களை நினைவில் பதிய உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ், நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில் முதலில் நலியும் பகுதிகளில் ஒன்று. 1953இல் நடந்த அறுவைச் சிகிச்சையில் இருபக்கமும் அதன் ஒரு பகுதியை இழந்த அமெரிக்கர் ஹென்றி மொலைசன், சிறுபருவச் செய்திகள் பலவற்றைச் சொல்லக்கூடியவராயிருந்தும், சந்தித்தவரைச் சில நிமிடங்களில் மறந்தவராகவே 2008 வரை வாழ்ந்தார். பழைய நினைவுகள் பெரும்பாலும் மூளையின் மேலடுக்கான புறணியில் பரவித் தங்குவதே இதற்கு விளக்கமென்பர். (பாட்டியின் தேநீரோ தங்க இடமின்றிப் போகிறது.)

மறதியுள்ள முதியோரைப் பரிசோதிக்கும் வசதி தோட்ட மருந்தகங்களுக்கும் வரவேண்டும்.

வாசகர்,
ஹட்டன்.