"மென்பொருளே உறுதி செய்துவிட்டது" என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலை விரிவாக்கம் தேவை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், "போக்குவரத்து மென்பொருளே உறுதி செய்துவிட்ட பிறகு இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அந்த வரி என்னை விடவில்லை. வேறு எங்காவது வந்திருந்தால் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். உங்கள் பக்கத்தில் பார்த்ததுதான் வலிக்கிறது.

மென்பொருள் எதையும் உறுதி செய்வதில்லை. தாங்கள் அறியாததல்ல. நகரை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு எத்தனை வீடு, எத்தனை பேருக்கு வேலை என்று நாம் கொடுத்தால், எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எதில் போகும், எந்தச் சாலை வழியாகப் போகும் என்று நான்கு படியாகக் கணக்குப் போட்டுத் தரும். 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ நகர ஆய்வுகளில் உருவான முறை அது. இன்றைய மென்பொருட்கள் பலவற்றிலும் அடியில் ஓடுவது அதேதான். உள்ளே போகும் எண் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். மாணவனாக இருந்தபோது ஒரு கணக்கெடுப்புக்காகச் சாலைச் சந்திப்பில் நின்று வண்டி எண்ணியிருக்கிறேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். கார், பஸ், லாரி, டூ வீலர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் தாளில் இடம் இருந்தது. நடப்பவர்களுக்கு இல்லை. பள்ளி விட்ட நேரத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடந்தார்கள். இவர்களை எங்கே எழுதுவது என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். "அது வேண்டாம் தம்பி, வண்டியை மட்டும் எண்ணு" என்றார். தாளில் ஏறாத பிள்ளைகள் மாடலிலும், அதாவது மென்பொருள் போடும் கணக்கிலும், ஏறவில்லை. அப்புறம் அது சிக்னல் நேரத்தை யாருக்காகக் குறைக்கும், யாரைக் காக்க வைக்கும்? இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தாள் என் கண்ணில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய குறை நிலப் பயன்பாட்டில் இருக்கிறது. இருபது வருடம் கழித்து எங்கே வீடு, எங்கே கடை என்பதைப் பல திட்டங்களில் முன்கூட்டியே நிரப்பிவிடுகிறார்கள். சாலை போட்டாலும் போடாவிட்டாலும் அதே வீடு, அதே கடை. சாலை வந்தால் ஓரத்தில் கிடக்கும் நிலம் மனையாகும், மனை வீடாகும், வீட்டிலிருந்து வண்டி கிளம்பும் என்று நிலம் வாங்கி விற்பவர் எவரும் சொல்வார். மாடலுக்கு மட்டும் அதை யாரும் சொல்வதில்லை. நிலமும் சாலையும் ஒன்றையொன்று மாற்றுவதைக் கணக்கிட அர்பன்சிம் போன்ற மென்பொருட்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தரவும் நேரமும் அதிகம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் புதுச் சாலை புது வண்டிகளை வரவழைக்கும் என்று பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழுவே 1994-ல் சொல்லிவிட்டது. தென்கொரியத் தலைநகர் சியோலில் 2003-ல் ஒரு மேம்பாலச் சாலையையே இடிக்கத் தொடங்கி, அடியில் மூடிக் கிடந்த ஓடையை 2005-ல் திறந்தார்கள். நகரம் நின்றுபோகவில்லை. இந்தச் செய்திகளுக்கு நம் பத்திரிகைகளில் கிடைத்த இடம் எவ்வளவு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரையில் சிமுலேஷன் ஓடியது, வண்டிகள் வழுக்கிக்கொண்டு போயின. அந்த வகை மென்பொருளில் எந்த வண்டி எப்போது வரும் என்பதையெல்லாம் குலுக்கிப் போடும் தற்செயல் எண்ணை மாற்றினால் ஒவ்வொரு ஓட்டமும் வேறு மாதிரி வரும். பல தடவை ஓட்டித்தான் சராசரி பார்க்க வேண்டும். எத்தனை தடவை ஓட்டினீர்கள், வண்டி வளர்ச்சி விகிதம் என்ன வைத்தீர்கள் என்று எழுந்து கேட்டேன். "அதெல்லாம் டெக்னிக்கல், உங்களுக்குப் புரியாது" என்று மைக்கிலேயே பதில் வந்தது. கூனிக் குறுகி உட்கார்ந்தேன். அன்று இரவே உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் அந்தச் சிமுலேஷன் படம் மட்டும் வண்ணத்தில் அரைப்பக்கம் வந்தது.

நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. பஸ்ஸுக்குத் தனிப் பாதை விட்டால் என்ன ஆகும், ஒரு தெருவை ஒருவழியாக்கினால் எங்கே நெரிசல் ஏறும் என்று இரண்டு யோசனைகளை ஒப்பிட அது அருமையான கருவி. இருபது வருடம் தள்ளி ஒற்றை எண்ணைச் சொல்லச் சொல்லும்போதுதான் வம்பு. 14 நாடுகளின் 210 திட்டங்களை எடுத்துப் பார்த்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சாலைத் திட்டங்களில் பாதியில் கணிப்புக்கும் உண்மைக்கும் இடையே 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ரயில் திட்டங்களில் பத்தில் ஒன்பதில் பயணிகளை மிகையாகக் கணித்திருந்தார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். இனி இப்படி ஒரு கணிப்பை அச்சிடும்போது, அதன் கீழே மூன்று வரி சேர்த்துப் போடுங்கள்: எந்த ஆண்டில் எடுத்த கணக்கு, வண்டி எவ்வளவு வளரும் என்று வைத்துக்கொண்டார்கள், நடப்பவர்களை எண்ணினார்களா. திட்டம் போட்டவர்கள் தர மறுத்தால், மறுத்தார்கள் என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்