கிளிநொச்சியில் வாடகைக்கு இருக்கும் மகளுக்கு

முள்ளியவளை

அன்பு மகளுக்கு,

நீ தங்கச்சியிடம் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்க வேண்டாம். இரவு முழுவதும் மனதில் வைத்திருந்துவிட்டு, விடியக் காலையில் கிணற்றடியில் வந்து சொன்னாள். தொலைபேசியில் பேசினால் நீ பாதியில் அழுவாய், நான் கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவேன். எழுதினால் நீ ஆறுதலாக இருந்து இரண்டு தரம் வாசிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

நீ வேலைக்குப் போன நேரத்தில் வீட்டுக்காரர் தன்னிடமுள்ள மற்றத் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வந்து போகிறார். அரிசி வாளியின் மூடி சரிந்து கிடந்தது. நீ இழுத்து மூடிவிட்டுப் போன யன்னல் சீலை முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லியிருக்கிறார். குழாய் இருப்பது குளியலறையில், யன்னல் சீலை இருப்பது நீ படுக்கும் அறையில். அலுவலகத்தில் உன்னோடு வேலை செய்கிற பிள்ளை ஒரு பின்னேரம் வந்து போனதற்கும் மறுநாள் படலையில் நின்று விசாரணை. "நீ என் மகள் மாதிரி, அக்கறையில் கேட்கிறேன்" என்றாராம். மகள் மாதிரி என்று நினைக்கிறவர் கதவைத் தட்டிவிட்டு வரட்டும், மகள்.

உனக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வீடு அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வாடகை கொடுத்து நீ குடியிருக்கும்வரை அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கும் இடம் உன்னுடைய பொறுப்பிலும் உன்னுடைய அனுபவிப்பிலும் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. வீட்டைக் கொடுத்தவர், குடியிருப்பவர் இடையூறில்லாமல் அதை அனுபவிக்க விட வேண்டும் என்பது ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்த உரோம டச்சுச் சட்ட காலத்திலிருந்தே வீட்டுக்காரரின் கடமை. உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாவிட்டாலும் அந்தக் கடமை இருக்கிறது.

காகிதம் என்றதும் நினைவு வருகிறது. நீ குடிபோகும்போது கொப்பித் தாளில் ஒரு வருடத்துக்கு என்று எழுதி இருவரும் கையொப்பம் வைத்தீர்கள் அல்லவா? 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாததால் உன்னை மாத வாடகைக்காரியாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதற்காகப் பயப்படாதே. மாத வாடகைக்காரிக்கும் உரிமை உண்டு. உன்னை வீட்டிலிருந்து எழுப்ப வேண்டும் என்றால் ஒரு முழு மாத அறிவித்தல் தர வேண்டும். அதற்குப் பிறகும் நீ போகாவிட்டால் அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தானே வந்து சாமானைத் தூக்கி வெளியே வைக்கவோ, பூட்டை மாற்றவோ, மின்சாரத்தை வெட்டவோ, கிணற்று மோட்டரை நிறுத்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

அவர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பின் விறாந்தையோடு சேர்ந்த அறையை நானும் ஒரு ஆசிரியைக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். வீடு கொடுத்தவருக்கும் பயம் உண்டு. எழும்பாமல் இருந்துவிடுவார்களோ, கரண்ட் பில்லைக் கட்டாமல் போய்விடுவார்களோ, சுவரைக் குத்தி நாசமாக்குவார்களோ என்ற பயம். ஒருவரை வீட்டிலிருந்து எழுப்பும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதைக் குறைக்கத்தான் குத்தகைக்குக் கொடுத்த வீட்டை மீளப் பெறுவதற்கென்று 2023இல் 1ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்திலும் வீட்டுக்காரர் போகிற இடம் மாவட்ட நீதிமன்றம்தான். குடியிருப்பவரின் அறைக்குள் போய் வேவு பார்க்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என் பயம் எனக்கு இருக்கிறது என்பதற்காக ஆசிரியையின் கட்டிலடியை நான் பார்க்கலாமா? கூரை ஓடு மாற்ற வேண்டி வந்தபோது இரண்டு நாள் முன்னரே சொல்லி, அவர் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் மேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். அது பெரிய காரியமே இல்லை. ஒரு வாய்ச்சொல்.

ஆகவே அவர் ஒருபோதும் உள்ளே வரக்கூடாது என்று சண்டை பிடிக்காதே. திருத்த வேலைக்கு வர வேண்டும், வருடத்தில் ஒரு முறை வீட்டின் நிலையைப் பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நியாயமான நேரத்தில் வரட்டும். அவசரம் வேறு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் போல ஒன்று வந்து, நீ இங்கே நிற்கும்போது அங்கே தண்ணீர் ஏறினால், அவர் கதவை உடைத்து உன் சாமானை மேசைக்கு மேல் தூக்கி வைத்தாலும் நான் கும்பிட்டு நன்றி சொல்வேன். ஒழுகாத குழாயைப் பார்க்க வருவது அந்த வகை இல்லை.

இனி, செய்ய வேண்டியது. கடிதம் எழுது. வாயால் சொன்னது காற்றில் போகும். அவர் வயதில் மூத்தவர், மரியாதை குறையாமல் எழுது. இன்ன திகதியில் நான் இல்லாத நேரத்தில் நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்கள், இனி வர வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னர் தொலைபேசியில் சொல்லி நான் இருக்கும்போது வாருங்கள், அவசரமென்றால் உடனே எனக்கு அழையுங்கள், உங்களிடமுள்ள திறப்பை அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இவ்வளவு போதும். யார் உன்னிடம் வந்தார்கள் என்ற கதையை அதற்குள் இழுக்காதே. அதற்கு விளக்கம் கொடுக்கத் தொடங்கினால், விளக்கம் கேட்க அவருக்கு உரிமை இருப்பதாக நீயே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். ஒரு பிரதியை நீ வைத்துக்கொண்டு மற்றதைப் பதிவுத் தபாலில் அனுப்பு. ஒரே வளவில் இருந்துகொண்டு தபாலா என்று கேட்பார். கேட்கட்டும். தபால் கந்தோர் தரும் சிட்டை உன் கையில் இருக்கும்.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு அத்துமீறலைப் பற்றிப் பேசுகிறது. இன்னொருவரின் இருப்பில் உள்ள இடத்துக்குள் குற்றம் செய்யவோ, அவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைவது குற்றம். கவனி, யாருடைய பெயரில் காணி உறுதி இருக்கிறது என்று அந்தப் பிரிவு பார்க்கவில்லை, யாருடைய இருப்பில் இடம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. ஆனால் எண்ணத்தைக் காட்ட வேண்டும். இதுவரை அவர் வந்ததற்கு, குழாய் பார்க்க வந்தேன் என்று பொலிஸாரிடம் சொன்னால் அதோடு முடிந்துவிடும். வராதீர்கள் என்று நீ எழுத்தில் கொடுத்த பிறகு வந்தால், அந்தச் சாட்டு அவ்வளவு எளிதில் எடுபடாது.

வாடகையை இனிக் கையில் கொடுக்காதே, வங்கிக் கணக்கில் போடு. கையில்தான் வேண்டும் என்றால் பற்றுச்சீட்டு வாங்கு. முற்பணமாகக் கொடுத்த காசுக்கும் எழுத்து வேண்டும், போகும்போது திருப்பித் தரமாட்டேன் என்று நிற்கும் இடம் அதுதான். கோபத்தில் ஒரு மாத வாடகையைக்கூட நிறுத்தி வைக்காதே. நீ வாடகை கொடுக்கவில்லை என்ற ஒரு வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டால் மற்ற எல்லாம் மறைந்துவிடும். வெளியே போகும்போது உன்னுடைய சொந்தப் பூட்டொன்றையும் சேர்த்துப் போடு. அவருடைய பூட்டைக் கழற்ற வேண்டாம், உடைக்க வேண்டாம். இரவில் உள்ளே தாழ்ப்பாள் கட்டாயம்.

இன்னொன்று. அந்த வீடு உண்மையில் யாருடையது என்று விசாரித்துப் பார். கிளிநொச்சியில் எத்தனையோ வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள், இங்கே ஒரு உறவினர் வாடகை வாங்குகிறார். உரிமையாளருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் அந்த உறவினரிடம் இருக்கலாம், வாய்ப்பேச்சில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் கடிதத்தின் ஒரு பிரதி உரிமையாளருக்கும் போக வேண்டும். தன் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையின் அறைக்குள் ஒருவர் போய் வருகிறார் என்று அங்கே இருப்பவருக்குத் தெரிந்தாலே பல இடங்களில் விஷயம் பொலிஸ்வரை போகாது.

கடிதத்துக்கும் கேட்காவிட்டால் விதானையாரிடம், அதுதான் கிராம உத்தியோகத்தரிடம் போ. நீ அந்தப் பிரிவில் குடியிருக்கிறாய் என்பது அவருடைய பதிவில் இருக்கட்டும், நாளைக்கு நீ அங்கே இருந்ததற்கே அது சாட்சி. மத்தியஸ்த சபையிலும் முறையிடலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை, சட்டத்தரணி தேவையில்லை, இருவரையும் இருத்திப் பேச வைப்பார்கள். காசுக் கணக்கு, திருத்த வேலை, முற்பணம் போன்றவற்றுக்கு அது நல்ல இடம். ஆனால் உன் உடுப்பைத் தொட்டார், இரவில் வந்து தட்டினார், கையைப் பிடித்தார் என்று ஏதாவது நடந்தால் சமரசம் பேசப் போகாதே. நேரே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்குப் போ. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரத்துக்கு 119. முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவிப்பது உன் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பம் வைக்காதே. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதே.

உன்னைப் பலவந்தமாக வெளியேற்றினால் காலம் கடத்தாதே. 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. வழக்குப் பதியப்படுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீ பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், உன்னைத் திரும்பக் குடியிருத்த நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த இரண்டு மாதம் பேச்சுவார்த்தையிலேயே போய்விடக் கூடாது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று யோசிக்க வேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது, அது எல்லா வீட்டுக்கும் பொருந்துவதில்லை. உன் வீட்டுக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேட்டுவிடு.

ஊரார் சொல்வதும் உன் காதுக்கு வந்திருக்கும். தனியே இருக்கிற பெண்பிள்ளை, வீட்டுக்காரரோடு பகைக்கலாமா, பேசாமல் வேறு வீடு பார் என்பார்கள். போக விரும்பினால் போ, நான் தடுக்கமாட்டேன். ஆனால் நீ போன பிறகு அந்த வீட்டுக்கு வருவது அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற ஒரு பிள்ளையாகவோ, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு பிள்ளையாகவோ இருக்கும். அவளுக்கு உன்னைப் போல வேலையும் சம்பளமும் துணைக்கு இருக்குமோ தெரியாது.

போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது நீ சின்னப்பிள்ளை. தறப்பாள் கொட்டிலுக்குக் கதவு இல்லை. ஒரு சீலையைத் தொங்கவிட்டிருந்தேன், காற்றடித்தால் அதுவும் நிற்காது. உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துக் கொட்டில் பெண்கள் சுற்றி நின்று மறைப்போம். யார் எப்போது எட்டிப் பார்ப்பார்கள் என்று தெரியாமல் படுத்தெழும்பிய அந்த நாட்களில், ஊருக்குப் போனால் என் பிள்ளைகள் உள்ளே பூட்டிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ள வேண்டும் என்ற ஒன்றைத்தான் கேட்டுக் கும்பிட்டேன். அதை உன்னிடமிருந்து ஒருவர் பறிப்பதை அக்கறை என்ற பெயரில் நான் பொறுத்துக்கொள்ளமாட்டேன்.

இந்த வார முடிவுக்குள் கடிதத்தை எழுதி, அனுப்புவதற்கு முன் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நானும் ஒரு முறை பார்க்கிறேன். அவர் வந்து போன திகதிகளை நினைவிருக்கும்வரை இன்றிரவே எழுதி வை. விதானையாரிடம் போவதாக இருந்தால் சொல், காலை பஸ்ஸில் நானும் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா