ஆமைகள் ஏறிவரும் கரையில் பாட்டில்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. தெலுக் பஹாங் நுழைவாயிலில் பெயரைப் பதிந்துவிட்டு, பந்தாய் கெராச்சுட் கடற்கரைவரை நடந்தோம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஏற்றமும் இறக்கமும்தான். பல இடங்களில் மரவேர்களே படிக்கட்டு. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்ததும் சின்னவள் ஓடத் தொடங்கிவிட்டாள்.

அங்கே ஓர் அபூர்வ ஏரி உண்டு. மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலப்பதில்லை. வறண்ட மாதங்களில் வற்றிவிடும். நல்லவேளை, நாங்கள் போனபோது தண்ணீர் இருந்தது. அப்புறம் ஆமைக் காப்பகம். பச்சை ஆமைகள் இரவில் இந்தக் கரையேறித்தான் முட்டையிடுகின்றன. தொட்டியில் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள் துடுப்படித்து நீந்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

வெளியே வந்தால், அதே மணலில் பிளாஸ்டிக் பாட்டில்களும் ரொட்டி உறைகளும். ஒரு குரங்கு சிப்ஸ் பையைக் கிழித்து உட்புறத்தை நக்கிக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை. எங்கள் பையில் கொண்ட மட்டும் பொறுக்கி வந்தோம்.

நுழைவாயிலில் பெயர் எழுதும்போதே பாட்டில்களையும் எண்ணிக் குறித்து, திரும்பும்போது சரிபார்க்கலாமே! படகில் திரும்புகிறவர்களுக்கும் இதே விதி வேண்டும். அவர்களில் பலர் அந்த வாசல் பக்கமே வருவதில்லை.

– ஒரு வாசகி, பட்டர்வொர்த்