தாஜ்மகாலின் நகல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆக்ரா பயணக் கட்டுரையில் இதிமாத்-உத்-தௌலா கல்லறைக்கு ஒரே ஒரு வரி. அதுவும், ‘தாஜ்மகாலைப் பார்த்துக் கட்டிய சின்ன நகல்’ என்று. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான், இதிமாத்-உத்-தௌலா என்ற பட்டம் பெற்ற தன் தந்தை மிர்ஸா கியாஸ் பேக்குக்காக 1622இல் தொடங்கி 1628இல் முடித்த கட்டடம் அது. மும்தாஜ் இறந்ததே 1631இல்தான். தாஜ்மகாலுக்கு அஸ்திவாரம் தோண்டுமுன்பே யமுனைக் கரையில் நின்றுகொண்டிருந்தது எப்படி அதன் நகலாகும்? மும்தாஜ் இந்த கியாஸ் பேக்கின் மகன்வழிப் பேத்தி என்பதும் தாங்கள் அறியாததல்ல.

நான் போன சுற்றுலாப் பேருந்திலும் இதே கதைதான். தாஜ்மகாலில் 3 மணி நேரம், இங்கே 20 நிமிடம். ‘குட்டி தாஜ், சீக்கிரம் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்றார் வழிகாட்டி. தாஜ்மகாலை நான் குறை சொல்லவில்லை. அங்கே வெண்மைதான் கண்ணை நிறைக்கிறது. இங்கேயோ கல்லில் கல் பதித்த வேலை சுவர் முழுக்கப் படர்ந்திருக்கிறது: கழுத்து நீண்ட மதுக்குடுவைகள், சைப்ரஸ் மரங்கள், பூச்சாடிகள், பழங்கள். பெரிய குவிமாடம் கிடையாது. மேல்தளத்தில் வளைந்த கூரையோடு ஒரு சதுர மண்டபம், நான்கு மூலையிலும் குட்டையான மினார்கள். உள்ளே துளைகள் செதுக்கிய பளிங்குத் திரை வழியே வந்த வெளிச்சத்தில், கியாஸ் பேக்கும் மனைவி அஸ்மத் பேகமும் பக்கத்தில் பக்கத்தில். என் அப்பா காலமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெளியே பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டுதான் ஏறினேன்.

கணவன் மனைவிக்குக் கட்டியதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். மகள் பெற்றோருக்குக் கட்டியதில் அவள் பெயரைக்கூடப் போடவில்லை. தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினார் என்று முன்பொருமுறை தங்கள் இதழில் வந்தபோதும், அதற்கு ஆதாரமே இல்லை என்று கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை. பதிலும் வரவில்லை. அந்தக் கட்டுரையை என் மாணவிகள் வகுப்பில் எடுத்து வாசித்தார்கள் ஐயா. தங்கள் இதழில் வந்ததைத் தவறு என்று சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தையும் வெளியிடாவிட்டால் போகட்டும். அடுத்த இதழில் 1628 என்ற ஆண்டையும் நூர்ஜஹான் என்ற பெயரையும் சேர்த்து இரண்டு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
30 ஆண்டு வாசகி,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருநெல்வேலி.