கடன் ஒப்பந்தத்தில் இருந்தாலும் காப்பீடு கிடைக்கும்

ஆசிரியருக்கு,

வாங்கிய கடனைச் சொன்னபடி அடைக்க முடியாமல் போனதால், கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி ஒப்பந்தம் செய்து, என்னால் முடிந்த தொகையை மாதாமாதம் கட்டி வருகிறேன். இனி வண்டிக்கோ வீட்டுக்கோ காப்பீடே கிடைக்காது என்று பலர் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. காப்பீடு என்பது கடன் அல்ல. பிரீமியத்தைத் தவணையில் கட்டக் கேட்கும்போதுதான் பல நிறுவனங்கள் அதைக் கடனாக எண்ணி, நம் பழைய கடன் வரலாற்றைப் புரட்டுகின்றன. ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டினால் இந்தச் சிக்கல் குறையும். சரி, கையில் காசில்லாதவர் மொத்தமாக எப்படிக் கட்டுவார்? நிறுவனங்கள் இதை யோசிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். அப்புறம் விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போது, அதையே காரணம் காட்டி மறுக்கலாம். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்கப் போடும் செலவுக் கணக்கில் பிரீமியத்தையும் சேர்க்கும்படி, ஒப்பந்தத்தை நிர்வகிப்பவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

— ஒரு வாசகர்