வாய் உலர்ந்தால் தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வாய்ப் புற்றுநோய் சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். அறுவை, கதிர்வீச்சு, மருந்து எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியவர், பக்கவிளைவுகள் என்று வந்தபோது ‘வாய் உலர்ந்தால் அடிக்கடி தண்ணீர் குடிக்கலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதே வரியைத்தான் எங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அதை நம்பித்தான் என் கணவர் பற்களைப் பறிகொடுத்தார்.

நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். அறுவை முடிந்ததும் ‘கரன்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 தடவை. மூன்றாவது வாரம் எச்சில் கெட்டிப்பட்டு நூல்போல இழுத்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாலும் “மண்ணைத் திங்கற மாதிரி இருக்கு” என்பார். கரண்டி உதட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். தலைமாட்டில் சொம்பு வைத்துக்கொண்டு இரவில் நாலைந்து முறை எழுந்து குடிப்பார்.

தண்ணீரில் குறைவே வைக்கவில்லை. ஆனாலும் நாலாவது மாதம் நாக்கில் தயிர் ஏடு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தது. துணியால் துடைத்தால் அடியில் செக்கச்செவேல் என்று இருந்தது. கேண்டிடா என்ற பூஞ்சை. வருடம் முடிவதற்குள் ஈறோரமாகப் பல்லைச் சுற்றிப் பழுப்பு ஏறியது. ஒரு நாள் காலை வாழைப்பழம் சாப்பிடும்போது முன்பல் ஒன்று அடியோடு முறிந்து கையில் வந்தது. 61 வயதுவரை ஒரு சொத்தைகூட இல்லாத மனிதர்.

நான் 29 வருடம் உயிரியல் நடத்தியவள். உமிழ்நீரில் அமைலேஸ் ஸ்டார்ச்சைச் சிதைக்கும், லைசோசைம் பாக்டீரியாவைக் கொல்லும் என்ற இரண்டு வரிக்கு மேல் வகுப்பில் சொன்னதில்லை. எச்சில் என்றாலே அசுத்தம் என்று சொல்லித்தான் வீட்டிலும் வளர்த்தார்கள். உடைந்த பல்லோடு போய் நின்றபோது பல் மருத்துவர் அரை மணி நேரம் ஒதுக்கி விளக்கினார். அதன் பிறகு நானே தேடிப் படித்தேன்.

ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை ஊறும் அந்த நீரில் பெப்டைடுகள் என்ற குட்டிப் புரதங்கள் இருக்கின்றன. ஹிஸ்டாட்டின் 5 என்பதில் வெறும் 24 அமினோ அமிலங்கள்தான், அதில் 7 ஹிஸ்டிடின். கேண்டிடாவுக்குள்ளேயே புகுந்து அதைக் கொல்வது இதுதான். டிஃபென்சின்கள், எல்எல்-37 என்ற மற்ற பெப்டைடுகளும் நேர்மின்னேற்றம் கொண்டவை. பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்னேற்றம் கொண்டது. இழுத்து ஒட்டிக்கொண்டு சவ்வில் ஓட்டை போட்டுவிடும். வாயில் கிருமியே இல்லாமல் இவை செய்துவிடுவதில்லை, எந்தக் கிருமியையும் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிரில் கருகினால் இந்தக் காவலும் போகிறது, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் போகிறது. பல்லைச் சொத்தையாக்கும் பாக்டீரியாக்களான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும் லாக்டோபேசில்லஸும் பெருகிவிடுகின்றன. சொம்புத் தண்ணீர் இதில் எதைத் திருப்பித் தரும்? கடையில் விற்கும் செயற்கை உமிழ்நீர்கூடப் பெரும்பாலும் வழவழப்புக்காகத்தான்.

இதற்கு ஸ்வீடனில் ஒரு சான்று இருக்கிறது. கோஸ்ட்மன் நோய் என்று பிறவியிலேயே வெள்ளணுக்கள் குறையும் ஒரு நோய். ஊசி போட்டு வெள்ளணுக்களைக் கூட்டிய பிறகும் அந்தப் பிள்ளைகளுக்கு ஈறு அழுகிக்கொண்டே இருந்தது. 2002-இல் அவர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது எல்எல்-37 இல்லை என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்ட ஒருவருக்கு மட்டும் அது இருந்தது, அவர் ஈறும் நன்றாக இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிகிச்சை கொடுத்த மருத்துவமனை என் கணவரின் உயிரைக் காப்பாற்றியது. அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் கதிர் தொடங்குமுன் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பிடுங்க வேண்டிய பல்லை இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிப் புண்ணை ஆறவிட்டிருக்க வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால் என் கணவருக்கு உடைந்த பற்களின் வேர்களை உள்ளேயே விட்டு, வேர் சிகிச்சை செய்து மூடியிருக்கிறார்கள். காதோர உமிழ்நீர்ச் சுரப்பியைக் கூடியவரை தப்பவைக்கும் ஐஎம்ஆர்டி கதிர்முறையும் இருக்கிறது. அது நமக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. நாக்கு வறண்டால் எலுமிச்சை சப்பச் சொன்ன உறவினர்களும் உண்டு. உமிழ்நீர் இல்லாத வாயில் அந்தப் புளிப்பு பல்லை இன்னும் அரிக்கும்.

அடுத்த முறை கட்டுரை வெளியிடும்போது, கதிருக்கு முன் பல் பரிசோதனை, தினமும் ஃபுளோரைடு ஜெல் என்ற இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள். புகையிலையால் நோய் வந்து, இன்று முதல்முறையாகக் கதிருக்கு வரிசையில் நிற்பவர் கண்ணில் அது பட வேண்டும்.

என் கணவருக்கு இப்போது 11 பற்கள் இருக்கின்றன. பல் அச்சில் வார்த்த தட்டில் ஜெல்லைத் தடவி, இரவு படுக்குமுன் கடித்துக்கொண்டு உட்காருவார். பேச முடியாது. நான் எதிரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஐந்து நிமிடம் ஆனதும் சொல்வதற்காக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கும்பகோணம்.